வெட்டிய பாறை எங்கே? வாசகர் கேள்வி - பதில்

அரசு செய்யும் செலவையும், அரசு வைத்திருக்கும் சொத்தையும் நாடாளுமன்றம் எப்படிக் கண்காணிக்கிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்தன. சிலவற்றைச் சுருக்கிக் கொடுத்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் ஏ.ஜி. ஆபீஸில், அதாவது அரசுக் கணக்கைப் பார்க்கும் கணக்காயர் அலுவலகத்தில், தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொதுப்பணிக் கோட்டங்களிலும் கருவூலங்களிலும் உட்கார்ந்து வவுச்சர் புரட்டியதுதான் என் அனுபவம். அங்கிருந்துதான் பேசுகிறேன்.

பட்ஜெட்டை நாடாளுமன்றம்தானே நிறைவேற்றுகிறது? அப்படியானால் ஒவ்வொரு துறையின் செலவையும் எம்.பி.க்கள் பார்த்துத்தான் அனுமதிக்கிறார்களா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை)

இல்லை ஐயா. சட்டம் அப்படித்தான் எதிர்பார்க்கிறது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் பொதுக் கஜானாவிலிருந்து, ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 114ஆவது பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு அமைச்சகமும் இவ்வளவு பணம் வேண்டும் என்ற மானியக் கோரிக்கையோடு மக்களவைக்கு வந்து நிற்க வேண்டும். எம்.பி.க்கள் அதைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கொள்கையே பிடிக்கவில்லை என்றால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். ஒரு குறையைச் சுட்டிக்காட்ட 100 ரூபாய் குறைக்கச் சொல்லலாம். ஆனால் ஒரு வெட்டுத் தீர்மானம் வென்றால் அரசு பெரும்பான்மை இழந்ததாகிவிடும். அதனால் ஆளும் தரப்பில் யாரும் அதற்குக் கை தூக்குவதில்லை.

நடைமுறையில் ஒவ்வொரு ஆண்டும் நான்கைந்து அமைச்சகங்களின் கோரிக்கைகள் விவாதத்துக்கு வரும். கடைசி நாளில் குறித்த நேரம் ஆனதும், மிச்சம் உள்ள அத்தனையையும் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் கில்லட்டின். 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் அமளிக்கு நடுவே ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் பட்ஜெட் மக்களவையில் நிறைவேறியது. 2023இல் அந்த பட்ஜெட் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய். அன்று அவையை நடக்கவிடாமல் செய்தவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள். யார் மேல் தவறு என்று நான் பட்டியல் போடப் போவதில்லை. ஆனால் பாதுகாப்பு, ரயில்வே, விவசாயம் எதைப் பற்றியும் ஒரு கேள்விகூட இல்லாமல் பணம் போனது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை. முதலில் 17, 2004 முதல் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 பேர். அவர்கள் கோரிக்கைகளைத் தனி அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பரிந்துரைக்கலாம். குறைக்க முடியாது.

ஆக, செலவுக்கு முன்னால் கேட்கும் கேள்வி நம் நாட்டில் பலவீனமானது. செலவுக்குப் பின்னால் கேட்கும் கேள்விக்குத்தான் பலம் இருக்கிறது. அதற்கும் ஒரு நோய் உண்டு, தாமதம். கீழே உள்ள பதில்கள் பலவற்றில் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்பேன்.

சி.ஏ.ஜி., பி.ஏ.சி. இரண்டும் ஒன்றா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், மனப்பாடம் செய்தும் குழப்பமாகவே இருக்கிறது.
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

இரண்டும் வேறு அம்மா. சி.ஏ.ஜி. என்ற தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அரசுக் கணக்கைத் தணிக்கை செய்கிற ஓர் அதிகாரி. அரசியல் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் அவருக்கானவை. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவது எவ்வளவு கடினமோ, அவரை நீக்குவதும் அவ்வளவு கடினம். அரசியல் நிர்ணய சபையில் 1949இல் பேசிய அம்பேத்கர், இந்தச் சட்டத்திலேயே மிக முக்கியமான அதிகாரி இவராகத்தான் இருப்பார் என்ற பொருளில் சொன்னார். பி.ஏ.சி. என்ற பொதுக் கணக்குக் குழு எம்.பி.க்களின் குழு. மக்களவை 15, மாநிலங்களவை 7, மொத்தம் 22 பேர். அமைச்சர் உறுப்பினராக முடியாது. 1921இல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியபோது நிதி உறுப்பினரே, அதாவது அன்றைய நிதியமைச்சர் மாதிரி இருந்தவரே, அதற்குத் தலைவர். அதாவது செலவு செய்தவரே கணக்குக் கேட்பவர். 1950இல் அது மாறி, சபாநாயகரின் பொறுப்பில் வந்தது. 1967இலிருந்து எதிர்க்கட்சிக்காரரைத் தலைவராக்கும் மரபு இருக்கிறது. அப்படி முதலில் வந்தவர் சுதந்திரா கட்சியின் மினு மசானி.

மனப்பாடம் செய்வதைவிட ஒரு தணிக்கைப் பத்தி எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்த்தால் மறக்காது. எங்கள் பேச்சில் அது 'பாரா'.

ஒரு பொதுப்பணிக் கோட்டம். எந்த ஊர் என்று வேண்டாம். கால்வாய் வெட்டிய வேலைக்கான பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை அளந்து எழுதும் புத்தகத்துக்கு எம்.புக் என்று பெயர். நீளம், அகலம், ஆழம் எழுதி ஏ.இ. என்கிற உதவிப் பொறியாளர் கையெழுத்துப் போடுவார். மேலே உள்ளவர் ஒரு பகுதியை மறுபடி அளந்து பார்த்து அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த எம்.புக்கில் பாதிக்கு மேல் 'கடினப் பாறை, வெடி வைத்துத் தகர்த்தது' என்று இருந்தது. பாறைக்கு உரிய ரேட் சாதா மண்ணைவிடப் பல மடங்கு. எழுத்தில் ஒரு குறையும் இல்லை, கூட்டலும் சரி. நான் கேட்டது இரண்டே விஷயம். வெடி வைத்தது யார், அவருக்கு உரிமம் இருக்கிறதா? வெட்டியெடுத்த பாறை எங்கே? பாறை என்றால் அதற்கு விலை உண்டு. கரையில் அடுக்கி, அளந்து, இருப்பில் எடுத்திருக்க வேண்டும். அல்லது அதன் விலையை கான்ட்ராக்டர் பில்லில் கழித்திருக்க வேண்டும். இருப்புப் பதிவேட்டில் ஒரு கனமீட்டர்கூட இல்லை.

இந்தக் கேள்வியை 'ஆஃப் மார்ஜின்' தாளில் எழுதிக் கொடுப்போம். ஒரு பாதியில் எங்கள் கேள்வி, மறு பாதியில் அவர்கள் பதில். 'கல் அனைத்தும் ஒப்பந்ததாரரால் அப்புறப்படுத்தப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. உரிமத்தைப் பற்றிப் பதிலே இல்லை. சரி, அது ஆய்வறிக்கையில் பாராவாகப் போனது. பெரிய தொகை என்றால் அங்கிருந்து வரைவு பாராவாகித் துறைச் செயலருக்குப் போகும். 6 வாரத்துக்குள் அவர் பதில் தர வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் சி.ஏ.ஜி. அறிக்கையில் ஏறும். அறிக்கை குடியரசுத் தலைவருக்கோ ஆளுநருக்கோ போய், அவையில் வைக்கப்படும். அப்புறம்தான் பொதுக் கணக்குக் குழு. அவர்கள் அமைச்சரைக் கூப்பிடுவதில்லை, செயலரைக் கூப்பிடுவார்கள். குழு பரிந்துரை கொடுத்தால் 6 மாதத்துக்குள் அரசு எடுத்த நடவடிக்கையைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பாதை முழுவதும் ஒழுங்காகத்தான் போடப்பட்டிருக்கிறது. ஆனால் நான் சொன்ன பாரா பதிலும் மறுகேள்வியுமாக இழுத்துக்கொண்டே போய், அந்த ஏ.இ. ஓய்வு பெற்று, கான்ட்ராக்டருக்கு டெபாசிட்டும் திரும்பக் கொடுக்கப்பட்ட பிறகும் நிலுவையிலேயே இருந்தது. யாரிடம் வசூலிப்பது?

செலவு செய்யாமல் மிச்சம் பிடித்தாலும் தணிக்கையில் குறை எழுதுவார்களாமே, நியாயமா?
(வாசகர், ஓசூர்)

நியாயம்தான். பள்ளிக் கட்டடத்துக்கு ஒதுக்கிய பணம் மார்ச் 31 அன்று அப்படியே திரும்பிப் போனால் அது சிக்கனம் அல்ல. அந்தப் பிள்ளைகள் இன்னொரு வருடம் மரத்தடியில் உட்காருவார்கள். அதைவிட மோசமான இன்னொன்று உண்டு. வருடம் முழுவதும் சும்மா இருந்துவிட்டு மார்ச் கடைசி வாரத்தில் கருவூலத்தில் பில் குவியும். பணம் எடுத்து வேறு கணக்கில் போட்டு வைத்துவிட்டு, செலவாகிவிட்டது என்று காட்டுவார்கள். தணிக்கைக்குப் போகிறவன் முதலில் மார்ச் வவுச்சர் கட்டைத்தான் அவிழ்ப்பான்.

1.76 லட்சம் கோடி ஊழல் என்று ஊரே பேசியது. கடைசியில் எல்லோரும் விடுதலை. அப்படியானால் சி.ஏ.ஜி. சொன்னது பொய்யா?
(வியாபாரி, சேலம்)

தமிழ்நாட்டிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நிதானமாகப் பார்ப்போம்.

நீங்கள் கேட்பது 2ஜி விவகாரம். 2008 ஜனவரியில் செல்போன் சேவைக்கான அலைக்கற்றை உரிமங்களை ஏலம் விடாமல், 2001இல் இருந்த விலைக்கே கொடுத்தார்கள். நாடு முழுவதற்குமான உரிமம் 1,658 கோடி ரூபாய். 2010இல் வந்த சி.ஏ.ஜி. அறிக்கை, வேறு வழியில் விற்றிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று பல முறைகளில் கணக்கிட்டது. மிகக் குறைந்த மதிப்பீடு 57,666 கோடி. மிக அதிகம் 1,76,645 கோடி. தலைப்புச் செய்தியானது பெரிய எண் மட்டும். அது 'அனுமான இழப்பு'. எவரோ பையில் போட்டுக்கொண்ட தொகை என்று அறிக்கை சொல்லவில்லை. ஆனால் தெருவில் அப்படித்தான் பேசப்பட்டது.

2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. ஒதுக்கிய முறை தவறு என்பது அந்தத் தீர்ப்பில் உறுதியானது. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் ஆ.ராசா, கனிமொழி உட்பட வழக்கில் இருந்தவர்களை விடுவித்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றது. சி.பி.ஐ. மேல்முறையீடு செய்தது. இந்த இரண்டு தீர்ப்பும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. தணிக்கை பார்ப்பது பொதுச் சொத்தை ஒழுங்கான முறையில் கொடுத்தார்களா என்பதை. குற்றவியல் நீதிமன்றம் பார்ப்பது இன்ன ஆள் லஞ்சம் வாங்கினாரா, சதி செய்தாரா என்பதை. தணிக்கை அறிக்கையைக் குற்றப்பத்திரிகையாகப் படித்தது நம் தவறு.

அதைவிடப் பெரிய தோல்வி நாடாளுமன்றத்துடையது. அந்த அறிக்கையைப் பிரித்து ஆராய்ந்து, எந்த எண் நியாயம், எது மிகை என்று நாட்டுக்குச் சொல்ல வேண்டிய இடம் பொதுக் கணக்குக் குழு. 2011 ஏப்ரலில் முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான குழுவின் வரைவறிக்கையை 11 உறுப்பினர்கள் நிராகரித்தார்கள். தலைவர் எழுந்து போன பிறகு, தங்களுக்குள் வேறொருவரைத் தலைவராக்கிக் கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். அந்த வரைவைச் சபாநாயகர் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு இரு அவை எம்.பி.க்களின் கூட்டுக் குழு ஒன்று 2013இல் கொடுத்த அறிக்கையையும் எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. ஒருமனதாக அறிக்கை தருவது பொதுக் கணக்குக் குழுவின் நெடுநாள் மரபு. கட்சி மறந்து கையெழுத்துப் போட்டால்தான் அதிகாரிகள் பயப்படுவார்கள். அந்த மரபு உடைந்ததில் எனக்கு உள்ள வருத்தம், 1.76 லட்சம் கோடி சரியா தப்பா என்பதைவிடப் பெரியது.

இப்போது எல்லாமே கம்ப்யூட்டர். இன்னும் தணிக்கை எதற்கு?
(வாசகர், கோவை)

2023இல் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி வந்த சி.ஏ.ஜி. அறிக்கையில் ஒரு வரி. 7,49,820 பயனாளிகளின் பெயரில் ஒரே கைபேசி எண் பதிவாகியிருந்தது. அந்த எண் 9999999999. பயனாளியை அடையாளம் காண கைபேசி எண்ணைப் பயன்படுத்துவதில்லை என்று அரசு விளக்கம் கொடுத்தது. இருக்கட்டும். சிகிச்சை பெற்றவரைக் கூப்பிட்டு, உண்மையிலேயே படுத்திருந்தீர்களா என்று கேட்க வேண்டுமானால் எந்த எண்ணில் கூப்பிடுவது?

எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக என்.எல்.சி. வேலை. அரசு நிறுவனத்தின் பங்கை விற்க நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டாமா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
(வாசகி, நெய்வேலி)

ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், சட்டமே அப்படி இருப்பதுதான். பொதுவாகச் சம்மதம் தேவையில்லை. 2001இல் பால்கோ அலுமினிய நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை 551.5 கோடிக்கு மத்திய அரசு விற்றது. தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. அது பொருளாதாரக் கொள்கை, நீதிமன்றம் தலையிடாது என்று தீர்ப்பு வந்தது. அமைச்சரவை முடிவு செய்தால் போதும்.

ஆனால் 2003இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் இரண்டையும் விற்க அரசு ஏற்பாடு செய்தது. இவை சாதாரணமாகப் பதிவு செய்யப்பட்ட கம்பெனிகள் அல்ல. எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் என்ற வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களை 1974, 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் நாடாளுமன்றம் தனித்தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டதால் வந்தவை. நாடாளுமன்றம் சட்டம் போட்டு வாங்கியதை, அந்தச் சட்டத்தைத் திருத்தாமல் அமைச்சரவை விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விற்பனை நின்றது. பெட்ரோல் பங்கில் வண்டி நிறுத்துகிற ஒவ்வொருவரும் அந்தச் சொத்தில் பங்குள்ளவர் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பலர் கவனிக்கவில்லை. 2016இல் காலாவதியான பழைய சட்டங்களை நீக்குவது என்று ஒரு சட்டம் வந்தது. ஏராளமான சட்டங்கள் ஒரே அட்டவணையில் நீங்கின. அந்தப் பட்டியலில் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் சட்டங்களும் இருந்தன. 2019 நவம்பரில் பாரத் பெட்ரோலியத்தில் அரசுக்கு இருந்த 53.29 சதவீதப் பங்கு முழுவதையும் விற்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இந்தத் தடவை நாடாளுமன்றத்திடம் போக வேண்டியிருக்கவில்லை. வாங்க முன்வந்தவர்கள் விலகியதால் 2022 மே மாதம் அரசே அதைக் கைவிட்டது.

சட்டப்படி இதில் ஓட்டை ஏதும் இல்லை. இரு அவைகளும் வாக்களித்த சட்டம்தான் 2016 சட்டம். ஆனால் அந்த நீண்ட பட்டியலில் இந்த மூன்று பெயர்களைக் காட்டி, 'இதை நீக்கினால் நாளைக்கு விற்பதற்கு எங்களிடம் வரவே வேண்டாமே' என்று எழுந்து ஒரு முழு நாள் விவாதம் கேட்டிருக்க வேண்டாமா? பொதுச் சொத்தைக் காப்பாற்றுவது என்றால் விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நஷ்டத்தில் ஓடும் ஓட்டலை அரசு நடத்த வேண்டியதில்லை. விற்கும்போதும் விலையை யார் பார்த்தார்கள் என்று கேட்க ஓர் இடம் வேண்டும். மும்பை விமான நிலையத்தின் சென்டார் ஓட்டல் 2002இல் 83 கோடிக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் சில மாதங்களில் அதை 115 கோடிக்கு இன்னொருவருக்கு விற்றார். தணிக்கை அதைக் கேள்வி கேட்டது, ஆனால் ஓட்டல் கைமாறிப் போய்ச் சில ஆண்டுகள் கழித்து.

இதற்கென்று ஒரு குழு இல்லையா என்றால், இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் குழு, 1964 மே மாதம் தொடங்கியது. அதிலும் இப்போது 22 பேர். நிறுவனங்களின் கணக்கையும் செயல்பாட்டையும் பார்ப்பார்கள். ஆனால் அரசின் பெரிய கொள்கை முடிவுகளும் அன்றாட நிர்வாகமும் அவர்கள் வரம்புக்கு வெளியே. விற்பது என்பது கொள்கை முடிவு. ஆகவே விற்பதற்கு முன் அவர்கள் வாய் திறக்க இடம் இல்லை. ஒரு குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் உள்ள பொதுச் சொத்தை விற்கும் முன் மதிப்பீட்டு அறிக்கை இந்தக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் என்று விதி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் என்.எல்.சி.யைப் பொறுத்தவரை, 2006இல் பங்கு விற்பனை நின்றது தி.மு.க. கொடுத்த அரசியல் அழுத்தத்தால். 2013இல் சுமார் 3.56 சதவீதப் பங்கைத் தமிழக அரசின் நிறுவனங்களே ஏறத்தாழ 358 கோடி கொடுத்து வாங்கிக்கொண்டன. முதல்வர் ஜெயலலிதா எடுத்த முயற்சி அது. தொழிலாளர்கள் போராடினார்கள், மாநிலம் நின்றது, நடந்தது. குழு எதுவும் காப்பாற்றவில்லை.

ஒரு எம்.பி. எழுந்து கேட்டதால் ஏதாவது நடந்த கதை உண்டா? எல்.ஐ.சி.யில் பணம் கட்டுகிறவள் என்பதால் கேட்கிறேன்.
(இல்லத்தரசி, கும்பகோணம்)

நீங்கள் கட்டும் எல்.ஐ.சி.யிலேயே நடந்தது அம்மா. 1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. பிறந்தது. அடுத்த வருடம் ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனங்கள். எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே வாங்கப்பட்டது. டிசம்பரில் மக்களவையில் இதை எழுப்பியவர் பெரோஸ் காந்தி. ஆளும் காங்கிரஸ் கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். ஆயுள் காப்பீட்டில் பணம் கட்டிய சாதாரண மக்களின் பணம் எதற்காக அங்கே போனது என்பதுதான் கேள்வி.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா விசாரித்தார். மூடிய அறையில் இல்லை, பகிரங்கமாக. அதிகாரி செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றார். நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். நம் சென்னைக்காரர். திறமைசாலி என்று பேர் எடுத்தவர்.

தேதிகளைப் பாருங்கள். டிசம்பரில் கேள்வி, பிப்ரவரியில் ராஜினாமா. கணக்குக் கேட்பது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். பீகாரின் மாட்டுத்தீவன ஊழலை இதோடு வைத்துப் பாருங்கள். மாதாந்தரக் கணக்குகள் நேரத்துக்கு வருவதில்லை, இது கையாடலின் அடையாளமாக இருக்கலாம் என்று அப்போதைய சி.ஏ.ஜி. டி.என்.சதுர்வேதி 1985இலேயே எச்சரித்திருந்தார். ஊழல் வெடித்தது 1996 ஜனவரியில். நடுவில் பத்து வருடம் கருவூலம் திறந்தே கிடந்தது.

இலங்கையில் அரசு நிறுவனங்களைக் கண்காணிக்கும் நாடாளுமன்றத்தின் கோப் குழு விசாரணைக்கு ஊடகங்களை அனுமதிக்கிறார்கள். இந்தியாவிலும் அப்படியா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

இல்லை. இங்கே பொதுக் கணக்குக் குழு பூட்டிய அறையில்தான் கூடுகிறது. சாட்சியம் வெளியே வராது, அறிக்கை மட்டும் வரும். இதற்கு மூலமான பிரிட்டன் குழு 1861இல் கிளாட்ஸ்டன் காலத்தில் தொடங்கியது. அங்கே இன்று செயலர்கள் பகிரங்கமாகப் பதில் சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் உங்கள் நாடு எங்களைவிட முன்னே நிற்கிறது. 2018 கணக்காய்வுச் சட்டத்தில், முறைகேடாகப் போன பணத்தைப் பொறுப்பான அதிகாரியிடமே வசூலிக்கவும் வழி வைத்திருக்கிறீர்கள். எங்கள் சி.ஏ.ஜி.க்கு அது இல்லை.

ஆனால் தாமதம் உங்களையும் விடவில்லை. 2015 பிப்ரவரி 27 அன்று மத்திய வங்கி 100 கோடி ரூபாய்க்கு முறிகள், அதாவது கடன் பத்திரங்கள், வெளியிடுவதாக அறிவித்து, 1,000 கோடிக்கு மேல் ஏற்றுக்கொண்டது. கோப் குழு விசாரித்துக்கொண்டிருக்கையிலேயே ஜூனில் நாடாளுமன்றம் கலைந்தது. சுனில் ஹந்துன்நெத்தி தலைமையிலான புதிய குழுவின் அறிக்கை வர 2016 அக்டோபர் ஆகிவிட்டது.

சி.ஏ.ஜி. அறிக்கையை அரசு அவையில் வைக்காமலே காலம் கடத்தினால் என்ன செய்வது?
(சட்ட மாணவர், மதுரை)

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. 151ஆவது பிரிவு, அறிக்கையை அவையில் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. தில்லியில் 14 அறிக்கைகள் தேங்கிக் கிடந்தன. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இந்த இழுத்தடிப்பைக் கடுமையாகக் கண்டித்தது. தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு, பிப்ரவரியில்தான் அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதலில் வந்தது மதுக் கொள்கை அறிக்கை, சுமார் 2,002 கோடி இழப்பு என்றது. அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள் அதைப் படித்துவிட்டு வாக்களிக்க உரிமை உள்ளவர்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இதைச் செய்ய முடியும் என்பதுதான் ஆபத்து. அறிக்கை கைக்கு வந்த பின் அவை கூடும் முதல் வாரத்தில் வைக்க வேண்டும், அவை கூடாவிட்டால் 90 நாளில் தானாகவே இணையத்தில் வெளியாக வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். வழக்கறிஞர் ஆனதும் இதை விட்டுவிடாதீர்கள்.

நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். எங்கள் தெருவில் போட்ட ரோடு மூன்றே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. நாடாளுமன்றம் எல்லாம் எட்டாத தூரம். என்னால் என்ன முடியும்?
(வாசகர், அம்பத்தூர்)

நிறைய முடியும். தகவல் உரிமைச் சட்டம் 2005இன்படி, கட்டணம் கட்டி உங்கள் தெரு வேலைக்கான மதிப்பீடு, பில், எம்.புக் பக்கங்களின் நகல் கேளுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. எம்.புக்கில் தாரின் கனம் இவ்வளவு என்று எழுதியிருக்கும். பெயர்ந்த துண்டை உங்கள் பட்டறையில் கனம் அளக்கும் வெர்னியரில் வைத்தாலே தெரிந்துவிடும். வித்தியாசம் இருந்தால், வெறும் புகாராக எழுதாமல், எம்.புக் பக்க எண்ணைக் குறிப்பிட்டு உள்ளாட்சித் தணிக்கைக்கும் பொறியாளருக்கும் அனுப்புங்கள். பக்க எண் உள்ள கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் ஃபைலை மூடுவது கடினம்.

கான்ட்ராக்டரின் டெபாசிட்டை எப்போது திருப்பித் தருவார்கள் என்பதையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

(அடுத்த இதழில் ஊராட்சித் தணிக்கை, கிராம சபையில் கணக்கு வாசிப்பது பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். கேள்வியோடு ஊர்ப் பெயரையும் எழுதுங்கள்.)